பிரிவினைக் காலக் கறுப்பின ஆசிரியர்கள்: வரலாற்றைத் திரட்டுவதும் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பினத்தாரையும் வெள்ளையினத்தாரையும் சட்டமே பிரித்துவைத்த காலத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியர்களின் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பாட்டி விட்டுப்போன பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு திகைப்பவர், பழைய மாணவர் சங்கத்தில் பொறுப்பேற்றவர், ஆய்வு மாணவர் என யாரும் இதிலிருந்து தொடங்கலாம்.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

1896இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் "தனித்தனி, ஆனால் சமம்" என்ற ஏற்பாடு செல்லும் என்றது. அது ரயில் பெட்டி வழக்கு. தென்மாநிலங்கள் அதையே பள்ளிக்கூடங்களுக்கும் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 1954 மே 17 அன்று, பள்ளிகளை நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பு அதை உடைத்தது. ஆனாலும் பல கவுண்ட்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) பள்ளிகள் உண்மையில் ஒன்றானது 1968–1970 வாக்கில்தான். ஆகவே 1954ஓடு உங்கள் தேடலை நிறுத்திவிட்டால் கடைசித் தலைமுறை ஆசிரியர்கள் முழுவதும் விடுபட்டுப்போவார்கள்.

"சமம்" எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் 1930களின் கடைசியில், உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் கறுப்பினப் பெண் ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 699 டாலர். வெள்ளையினப் பெண் ஆசிரியருக்கு 970 டாலர். அலைன் பிளாக் என்ற ஆசிரியர் 1939இல் வழக்குப் போட்டார். பள்ளி வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் புதிய வழக்கோடு முன்வந்தார். நிறத்தைப் பார்த்துச் சம்பளம் வைப்பது அரசமைப்புக்கு முரண் என்று 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல்.

பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் கணக்கு. தீர்ப்பு வருவதற்கு முன்பே இதற்கான ஏற்பாடு தொடங்கிவிட்டது. பிரவுன் வழக்கு பிறந்த டொபீக்கா நகரிலேயே, 1953 மார்ச்சில் கறுப்பின ஆசிரியர் ஒருவருக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. பிரிவினை செல்லாது என்று தீர்ப்பானால், வெள்ளையினக் குழந்தைகளுக்கு நீக்ரோ ஆசிரியர் வேண்டாம் என்றே ஊரில் பெரும்பாலோர் நினைப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நடவடிக்கை எடுப்போம் என்பது அதன் சாரம்.

மிசௌரியின் மொபர்லி ஊரில் 11 கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்; வழக்கிலும் தோற்றார்கள். வட கரோலினாவின் ஹெண்டர்சன்வில்லில் 24 பேர் 8 பேராகக் குறைக்கப்பட்டார்கள். அங்கே 1966இல் மேல்முறையீட்டில் ஆசிரியர்கள் வென்றார்கள். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்த இழப்பைத் தீர்ப்பின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்தவை உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள். அந்த முடிவு எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதை வாரியத்தின் கூட்டக் குறிப்புகளில் தேடி எழுதுங்கள்.

பள்ளியின் ஆவணங்கள் ஏன் கிடைப்பதில்லை?

இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கும்போது பெரும்பாலும் மூடப்பட்டது, அல்லது நடுநிலைப் பள்ளியாக இறக்கப்பட்டது, கறுப்பினப் பள்ளிதான். பெயர்ப் பலகையை மாற்றினார்கள். பரிசுக் கோப்பைகள், ஆண்டு மலர்கள், சுவரில் மாட்டியிருந்த படங்கள் எல்லாம் பல ஊர்களில் குப்பைக்குப் போயின. தப்பித்தவை, யாரோ ஒருவர் அக்கறையோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவை.

அதனால் கல்வி அலுவலகத்தில் "ஒன்றுமில்லை" என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பள்ளியின் கடைசித் தலைமை ஆசிரியரின் குடும்பம், பள்ளி நூலகர், எழுத்தர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் வீடுகள், பக்கத்துத் தேவாலயத்தின் பின்னறை ஆகியவற்றில் கேளுங்கள். பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: கறுப்பினச் சமூகத்தாரின் இறுதிச்சடங்கு நிலையங்கள். இறந்தவரின் நினைவாக அச்சிடப்படும் சடங்கு நிரலில் பிறந்த ஊர், படித்த கல்லூரி, பணியாற்றிய பள்ளிகள், இருந்த சங்கங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு பள்ளியிலிருந்து. "எங்கள் மாநிலத்துக் கறுப்பின ஆசிரியர்கள்" என்று தொடங்கும் திட்டங்கள் இரண்டாம் ஆண்டில் மூச்சுவாங்கி நின்றுவிடுகின்றன. முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு வரிக்கு ஓர் ஆசிரியர், ஒரு கல்வியாண்டு. நெடுவரிசைகள்: ஆண்டு, ஆவணத்தில் உள்ளபடியே பெயர், வகுப்பு அல்லது பாடம், படித்த கல்லூரி, சம்பளம், எந்த ஆவணம், எந்தப் பக்கம். 30 ஆண்டு வேலை செய்தவருக்கு 30 வரி வரும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் யார் எந்த ஆண்டில் திடீரென்று காணாமல் போகிறார் என்பது அந்த வரிகளில்தான் தெரியவரும்.

எந்த ஆவணம் எங்கே இருக்கும்?

கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்ட உதவிய ரோசன்வால்ட் நிதி என்ற அறக்கட்டளையின் உதவியோடு 1932 வரை 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் வீடுகளும், 163 தொழிற்பயிற்சிக் கூடங்களும் கட்டப்பட்டன. அதன் ஆவணங்கள் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அட்டை உண்டு. கறுப்பின மக்கள் தந்த தொகை, வெள்ளையினத்தார் தந்தது, அரசு தந்தது, நிதி தந்தது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கறுப்பின மக்கள் தந்த தொகை. வரியும் கட்டிவிட்டு, அதன் பலன் வராததால் மறுபடியும் கைக்காசு போட்டுப் பள்ளி கட்டியவர்கள் அவர்கள்.

ஜீன்ஸ் மேற்பார்வையாளர்கள் என்று ஒரு தனி வரிசை உண்டு. ஃபிலடெல்பியாவின் அன்னா ஜீன்ஸ் 1907இல் கொடுத்த 10 லட்சம் டாலரில் பிறந்த நிதி அது. 1908இல் வர்ஜீனியாவின் ஹென்ரைக்கோ கவுண்ட்டியில் வர்ஜீனியா ராண்டால்ஃப் முதல் ஜீன்ஸ் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். ஊர் ஊராகப் போய்ச் சிறு பள்ளிகளை மேம்படுத்துவது வேலை. இந்த ஏற்பாடு 1968 வரை நடந்தது. ஜீன்ஸ் ஆசிரியர்களின் அறிக்கைகளில் போய்வந்த பள்ளிகள், திரட்டிய பணம், சுண்ணாம்பு அடித்த கட்டடங்கள் எல்லாம் இருக்கும். மேலிடத்துக்கு எழுதியவை என்பதால் சண்டை சச்சரவு மட்டும் அவற்றில் இருக்காது.

ஆசிரியர் சங்கங்களின் இதழ்களை விட்டுவிடாதீர்கள். கறுப்பின ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 1904இல் தொடங்கி, 1937இல் அமெரிக்க ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாற்றி, 1966இல் தேசியக் கல்விச் சங்கத்தோடு இணைந்தது. மாநிலந்தோறும் தனிச் சங்கங்களும் இருந்தன. வர்ஜீனியா சங்கத்தின் தாள்கள் வர்ஜீனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

வழக்குக் கட்டுகள் பெரும்புதையல். சம்பள வழக்கில் சம்பளப் பட்டியலே சான்றாவணமாக இணைக்கப்பட்டிருக்கும். கூட்டரசு மாவட்ட நீதிமன்றங்களின் பழைய கட்டுகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் மண்டலக் கிளைகளில் உள்ளன: வர்ஜீனியா, மேரிலாந்து வழக்குகளுக்கு ஃபிலடெல்பியா, கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி வழக்குகளுக்கு அட்லாண்டா. அச்சான தீர்ப்பு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வழக்கு எண்ணைக் கொடுத்து முழுக் கட்டையும் கேளுங்கள்.

இவை தவிர, நார்ஃபோக் ஜர்னல் அண்ட் கைடு, பிட்ஸ்பர்க் கூரியர், அட்லாண்டா டெய்லி வேர்ல்டு போன்ற கறுப்பினச் செய்தித்தாள்களின் ஊர்ச் செய்திப் பத்திகள்.

பெயரைத் தேடினால் கிடைக்கவில்லையே?

பல காரணங்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் குடும்பப் பெயர் மாறும். சில பட்டியல்களில் கணவரின் முதலெழுத்துகளோடு மட்டும் பெயர் இருக்கும். பழைய நகரக் கையேடுகளில் (ஊரில் வசிப்போரின் பெயர், முகவரிப் பட்டியல்கள்) கறுப்பினத்தாரின் பெயருக்கு முன் நட்சத்திரக் குறியோ, பின்னால் சிறு எழுத்தோ போட்டிருப்பார்கள். ஸ்கேன் செய்த எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதைப் பெயரோடு ஒட்டிக் குழப்பிவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னொரு கண்ணி. 1930, 1940, 1950 கணக்கெடுப்புகளின் குறிப்புநாள் ஏப்ரல் 1. கிராமப்புறக் கறுப்பினப் பள்ளிகள் பலவற்றில் பள்ளியாண்டு குறுகியது. அதற்குள் முடிந்தும் போயிருக்கலாம். அந்த ஆசிரியர் வேறொரு கவுண்ட்டியில், பெற்றோர் வீட்டில், தொழில் எதுவும் குறிக்கப்படாமல் பதிவாகியிருப்பார். பள்ளி நடக்கும்போது வந்திருந்தால், இன்னொருவர் வீட்டில் "தங்குபவர்" என்று இருப்பார். 1940 கணக்கெடுப்பில் முந்தைய ஆண்டின் ஊதியமும் படித்த வகுப்பும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் தேடிப் பிடிப்பது வீண்போகாது. 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது.

தேடுசொற்களில் "நீக்ரோ", "கலர்டு" ஆகிய பழைய சொற்களை ஆங்கிலத்தில் போட்டே தேட வேண்டும். அன்றைய பட்டியல்கள் அப்படித்தான் தயாராயின. உங்கள் விவரக் குறிப்பில் அவற்றை மூல ஆவணத்தின் தலைப்பில் மட்டும் மேற்கோள் குறிக்குள் விட்டுவிட்டு, உங்கள் வார்த்தையில் கறுப்பினம் என்று எழுதுங்கள்.

வருகைப் பதிவேடு கிடைத்திருக்கிறது. அதில் என்ன பார்ப்பது?

பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முழுவதையும் ஒருமுறை பாருங்கள். பருத்தி விளையும் ஊர் என்றால் செப்டம்பர், அக்டோபர் கட்டங்களில் பெரிய பையன்களின் வரிசை முழுவதும் வராக்குறியாக இருக்கும். பருத்தி எடுப்பு முடிந்ததும் ஒரே வாரத்தில் நிறையும். ஒரே ஆசிரியரின் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை இருந்தால் அது ஓராசிரியர் பள்ளி. மையின் நிறம் மாறும் இடம், கையெழுத்து மாறும் தேதி, ஓரத்தில் பென்சிலால் எழுதிய விறகுக் கணக்கு எல்லாமே சான்று. அந்தப் பென்சில் குறிப்பை அழுக்கு என்று நினைத்து அழிப்பான் வைத்துவிடாதீர்கள். பின்பக்கமும் அட்டையின் உட்புறமும் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கமானாலும், படமெடுங்கள்.

முதிய ஆசிரியரிடம் பேட்டி எடுப்பது எப்படி?

முதலில், தள்ளிப்போடாதீர்கள். 1965இல் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 1943இல் பிறந்தவர். காப்பகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் பேட்டியைத் தொடங்குங்கள்.

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். அதற்குமேல் குரல் களைத்துவிடும். இரண்டாவது அமர்வை ஒரு வாரம் கழித்து வையுங்கள், நடுவில் நினைவுகள் தாமாக மேலே வரும். ஒலிப்பதிவு வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கைப்பேசியில் ஒரு மாற்றுப் பதிவும் ஓடட்டும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் வழக்கமான வில்லன், எனவே சமையலறையில் உட்காராதீர்கள். தொடக்கத்தில் பெயர், தேதி, இடம் ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

"பிரிவினைக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலே வரும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் அடுப்பை யார் பற்றவைத்தார்கள்? பாடப்புத்தகம் வரும்போது உள்ளட்டையில் ஏற்கெனவே எத்தனை பெயர்கள் இருந்தன? வெள்ளையினப் பள்ளிகள் கழித்த புத்தகங்களே பல இடங்களில் இவர்களுக்கு வந்தன. கண்காணிப்பாளர் பள்ளிக்கு வந்தால் உங்களை எப்படி அழைத்தார்? கோடைக்காலத்தில் எங்கே போய்ப் படித்தீர்கள்? உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்ததால், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை போய் முதுகலை முடித்தவர்கள் பலர்.

ஆண்டு தவறும், அது இயல்பு. "உங்கள் மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். பேட்டியில் திருத்தாமல், அட்டவணையில் ஆவணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தாக்கத்துக்கு ஒரு மணி நேர ஒலிக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தானியங்கி மென்பொருள் முதல் வரைவுக்கு உதவும். ஆட்பெயர், ஊர்ப்பெயர், தெற்கத்திக் கறுப்பினப் பேச்சு ஆகிய மூன்றிலும் அது சறுக்குவதால், காதால் கேட்டே சரிபார்க்க வேண்டும். ட்யூக் பல்கலைக்கழகம் 1990களில் இந்தக் காலத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான முதியவர்களிடம் எடுத்த பேட்டிகள் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. தொடங்குமுன் சிலவற்றைக் கேளுங்கள், கேள்வி கேட்கும் முறை பிடிபடும்.

"எங்கள் பள்ளி அருமையான பள்ளி" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே எழுதலாமா?

எழுதலாம், சான்றோடு. அந்தப் பள்ளிகளை வெறும் இல்லாமையின் கதையாக எழுதுவது அவர்களுடைய உழைப்பை இருட்டடிப்பதாகும். பள்ளி நன்றாக இருந்ததால் பிரிவினையில் குறையில்லை என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய பிழை. நல்ல பள்ளி என்று சொல்பவரிடம், நல்லதாக இருக்க யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

தென் கரோலினாவில் 1956இல் அரசு, நகராட்சி ஊழியர்கள் கறுப்பினத்தாரின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி சங்கத்தில் உறுப்பினராக இருப்பதைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். 1916இலிருந்து ஆசிரியப் பணியில் இருந்த செப்டிமா கிளார்க் உறுப்பினர் பதவியைத் துறக்க மறுத்தார். வேலையும் போனது, ஓய்வூதியமும் போனது. அதே மாநிலத்தின் எல்லோரீ ஊரில், அந்தச் சங்கத்தில் உறுப்பினரா என்ற கேள்வியை வேலை விண்ணப்பத்திலேயே சேர்த்தார்கள். 21 ஆசிரியர்கள் பணியவில்லை, வேலை இழந்தார்கள்.

இன்னொரு வகை எதிர்ப்பு எந்த ஆவணத்திலும் இருக்காது. கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். அதைப் பாடத்திட்டம் அனுமதிக்காத இடங்களில் ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார்கள். இதைச் சொல்லக்கூடியவர்கள் அன்றைய மாணவர்கள்தாம். ஆகவே மாணவர்களையும் பேட்டி காணுங்கள்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள்களையும் படங்களையும் என்ன செய்வது?

அடுக்கைக் கலைக்கும் முன் பெட்டியை மேலிருந்து படமெடுங்கள். எது எதோடு சேர்ந்திருந்தது என்பதும் ஒரு தகவல். துருப்பிடித்த ஜெம் கிளிப்பை இழுக்காமல், தாளுக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். செய்தித்தாள் துணுக்குகள் அமிலம் கக்கித் தொட்டிருக்கும் தாளையும் பழுப்பாக்கும். ஸ்கேன் செய்துவிட்டுத் தனி உறையில் போடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது, செல்லோடேப்பும் கூடாது. படங்களுக்குப் பாலியெஸ்டர் உறை. மணக்கும் மலிவு பிவிசி உறை படத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பம் என்றால் படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

வைக்கும் அறை 18–20 டிகிரி, ஈரப்பதம் 35–50 விழுக்காடு. பரணும் நிலவறையும் வேண்டாம். ஈரப்பதம் 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளத்தில் நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் உறைபெட்டியில் வையுங்கள். பிரித்துக் காயவைப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

வகுப்புப் படத்துக்குப் பெயரிட, ஒரு நகல் எடுத்துத் தலைகளுக்கு எண் போடுங்கள். மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்தால் குரல் உயர்ந்தவர் சொன்னதே பெயராகிவிடும். யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்றும் குறியுங்கள்.

ஸ்கேன் எந்த அளவில்?

படங்கள் அங்குலத்துக்கு 600 புள்ளி, தாள்கள் 400, எல்லாமே வண்ணத்தில். கறுப்பு வெள்ளைப் படமும் வண்ணத்தில்தான். மூலக் கோப்பு டிஃப், பகிர ஜேபெக். கோப்புப் பெயரில் பள்ளி, ஆண்டு, வரிசை எண் போதும், கதை வேண்டாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஒரே மேகச் சேமிப்புக் கணக்கை நம்பி, அதன் சந்தா கட்டியவர் இறந்ததும் எல்லாம் போன சங்கங்கள் உண்டு. கணக்கை இருவர் பொறுப்பில் வையுங்கள்.

பழைய பள்ளிக் கட்டடம் நிற்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

ரோசன்வால்ட் வரைபடங்கள் மின்சாரமில்லாத ஊர்களுக்காகப் போடப்பட்டவை. கிழக்கு அல்லது மேற்கு வெளிச்சம் விழும்படி உயரமான ஜன்னல்களை வரிசையாக நெருக்கி வைத்தார்கள். எழுதும் கைக்கு நிழல் விழாமல் இடப்பக்கத்திலிருந்து ஒளி வரும்படி மேசைகளைப் போட்டார்கள். பிற்காலத்தில் அடைத்த ஜன்னலின் சட்டத் தடம் சுவரில் இருக்கும்; பூசி மறைக்கும் முன் அளந்து வரைந்துகொள்ளுங்கள். கூரை ஒழுகலைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், வண்ணம் பூசுவது கடைசி வேலை.

நன்கொடை, உரிமை, அந்தரங்கம்?

பேட்டிக்குக் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாவிட்டால் எந்தக் காப்பகமும் தயங்கும். சில பகுதிகளை வாழ்நாள்வரை மூடிவைக்க அதில் இடம் விடுங்கள். படத்தை வைத்திருப்பவருக்கே அதன் காப்புரிமையும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் எடுத்தவருடையது. உயிரோடிருக்கும் மாணவர்களின் மதிப்பெண், தண்டனைக் குறிப்புகளை இணையத்தில் போடாதீர்கள். மூலத்தைத் தரக் குடும்பத்துக்கு மனமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க விரும்பினால், குடும்பத்தார் எளிதில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்திலுள்ள கறுப்பினக் கல்லூரியின் காப்பகத்தை முதலில் கேளுங்கள்.

தமிழில் எழுதும்போது?

வெள்ளையின அதிகாரிகள் கறுப்பினப் பெண்களை "மிஸ்", "மிஸஸ்" என்று அழைக்க மறுத்து, வெறும் முதல் பெயரால் கூப்பிட்டார்கள். மேரி ஹாமில்டன் என்ற கறுப்பின உரிமைப் போராளி நீதிமன்றத்தில் "மேரி" என்று அழைக்கப்பட்டபோது பதில் சொல்ல மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல் வென்றார். பள்ளிக்குள்ளோ ஆசிரியர்கள் ஒருவரையொருவர் மரியாதைப் பெயரால்தான் அழைத்தார்கள். தமிழ் வினைமுற்றில் இந்த வேறுபாடு தானாக வந்து நிற்கும். ஆசிரியரை நீங்கள் குறிப்பிடும் இடமெல்லாம் "வந்தார்", "சொன்னார்". அதிகாரியின் கடிதத்தை மொழிபெயர்க்கும் இடத்தில் அவர் காட்டிய அவமதிப்பை மென்மையாக்காமல் "வா", "போ" என்றே விடுங்கள், அது மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும்.